கூலவாணிகன் என்னும் அடைமொழி

சங்கப் புலவர்களின் பெயர்ப்பட்டியலை ஒருமுறை நிதானமாக வாசித்தால் அதில் பாதி கடைத்தெருவாகத் தெரியும். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். உறையூர் இளம்பொன் வாணிகனார் பொன் வணிகர். மதுரைப் பண்டவாணிகன் இளந்தேவனார் பல பண்டம் விற்றவர். தங்காற் பொற்கொல்லன் வெண்ணாகனார் பட்டறையில் அமர்ந்தவர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரின் பெயரில் தொழிலோடு இரண்டு ஊர்களும் இருக்கின்றன: குடிவழி ஊராகக் கொள்ளப்படும் சீத்தலை, தானியம் விற்ற மதுரை. ஊர்விட்டு ஊர் வந்த வணிகன் ஒருவன் பாட்டும் எழுதினான் என்னும் முழுச் செய்தியையும் அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. சங்கப் பாடல்களைப் பாடிய சாத்தனாரும் மணிமேகலை ஆசிரியரும் ஒருவரா, இருவரா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. அது இங்கே தேவையும் இல்லை. பெயர்களைத் தொகுத்தவர்களுக்குத் தொழிலை மறைக்கத் தோன்றவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

பிற்கால இலக்கிய வரலாறு இந்த வழக்கத்தைக் கைவிட்டது. பல்கலைக்கழக ஆய்வேடுகளில் ‘ஆசிரியர் வாழ்வும் படைப்பும்’ என்று ஓர் இயல் தவறாமல் வரும். பிறப்பு, பெற்றோர், கல்வி, திருமணம், நூல்கள், விருதுகள் என அதன் வரிசையும் மாறாது. அந்த ஆசிரியர் கடை நடத்தியவராக இருந்தால் திருமணத்துக்கும் நூல்களுக்கும் இடையே ஒரு வாக்கியம் சேரும்: ‘பிழைப்புக்காகக் கடை வைத்தார்.’ இந்தப் ‘பிழைப்புக்காக’ என்னும் சொல் செய்யும் வேலை சிறிதன்று. கடை வேறு, கவிதை வேறு. கடையில் கழிந்த ஆண்டுகள் கவிதைக்கு வராமல் போன ஆண்டுகள் என்னும் தீர்ப்பை அது ஓசையில்லாமல் எழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு தவறானது. மொழியியல் படித்தவர்களேனும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஒருவர் எழுதிய மொழி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர், அவர் பகல் முழுவதும் யாருடைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்றும் கேட்டாக வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்க இருவருடைய வாழ்க்கை போதும். ஒருவர் 18-ஆம் நூற்றாண்டில் சோழநாட்டில் காசுக்கடை வைத்திருந்தவர். மற்றவர் 2021 வரை திருவனந்தபுரத்தில் கரமனைக்கு அடுத்த கடைத்தெருவில் வாழ்வைக் கழித்தவர்.

முதலாமவர் அருணாசலக் கவிராயர். 1711-இல் தில்லையாடியில் பிறந்தார். இன்று அவ்வூரைக் கேட்டவுடன் நினைவுக்கு வரும் பெயர் வள்ளியம்மை. தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகத்தில் சிறைசென்று 1914-இல் இறந்த இளம்பெண். அவள் குடும்பத்தின் ஊர் தில்லையாடி. கடல்கடந்து சென்றவர்களின் ஊராக அது அறியப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே, அங்கிருந்து ஒருவர் குடிபெயர்ந்து வேறோர் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ‘சீர்காழி அருணாசலக் கவிராயர்’ என்றுதான் இசையுலகம் அவரைச் சொல்கிறது. பிறந்த ஊர் பெயரிலிருந்து போயிற்று. தொழில் அதற்கு முன்பே போய்விட்டது.

இளமையில் பெற்றோரை இழந்த அவர் தருமபுரம் ஆதீனத்தில் கல்வி கற்றார். மடத்திலேயே துறவியாக இருந்துவிடும் வாய்ப்பு இருந்தும் இல்லறத்துக்குத் திரும்பினார். முப்பது வயதளவில் மணம்புரிந்துகொண்டு காசுக்கடை வைத்தார். வரலாற்று நூல்கள் இந்த இடத்தை இரண்டு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஆனால் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

தில்லையாடிக்கு அருகில் தரங்கம்பாடி. அங்கே 1620 முதல் டேனியர் கோட்டை. தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள், வடக்கே கடலூரில் ஆங்கிலேயர், அதற்கும் வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். நிலம் தஞ்சை மராட்டியருடையது. ஒரே கடற்கரையில் இத்தனை ஆட்சிகள், ஆட்சிதோறும் நாணயம். வராகனுக்கு எத்தனை பணம், பணத்துக்கு எத்தனை காசு என்பது துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபட்டது; காலத்துக்குக் காலமும் மாறியது. நெசவாளியிடம் துணி வாங்கியவன் கொடுத்த நாணயத்தை உள்ளூர்ச் சந்தையில் செல்லும் காசாக மாற்றித் தருவது காசுக்கடைக்காரரின் வேலை. உரைத்துப் பார்க்க வேண்டும். எடை போட வேண்டும். எதிரில் நிற்பவன் சொல்வது மெய்யா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வருகிறவர்களில் தச்சரும் உண்டு, மீனவரும் உண்டு, துபாஷிகளும் உண்டு, கோயில் பணியாளரும் உண்டு. மடத்தில் நிகண்டும் இலக்கணமும் கற்றுவந்த ஒருவர் அடுத்துச் சென்று அமர்ந்த இடம் இது.

இந்தத் தொழில் தமிழ்மொழிக்குள் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருக்கிறது என்பதைச் சில சொற்களே காட்டும். ‘நாணயம்’ காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ‘உரைத்தல்’ பொன்னைக் கல்லில் தேய்த்துப் பார்ப்பது, சொல்வதும் அதுவே. பொன்னின் தரத்துக்கு ‘மாற்று’. நாணயம் மாற்றும்போது கழித்துக்கொள்ளும் தொகைக்கு ‘வட்டம்’. ‘செல்லாக்காசு’ என்று மனிதரையும் சொல்கிறோம். காசுக்கடையில் மொழி நாள்தோறும் புழங்கித் தேய்ந்து பளபளத்தது. அந்தத் தேய்வின் ஓசையைப் பல ஆண்டுகள் கேட்ட ஒரு காது, பின்னால் பாட்டு எழுதும்போது சும்மா இருந்திருக்குமா?

கவிராயர் சீர்காழிக்கு வந்த கதையிலும் கடை இருக்கிறது. காசுக்கடைக்கான கொள்முதலுக்காகப் புதுச்சேரி போகும் வழியில் அவர் சீர்காழியில் தங்கினார் என்றும், தருமபுரத்தில் உடன்பயின்று அப்போது அங்கே மடத்துப் பொறுப்பில் இருந்த சிதம்பரம் பிள்ளை அவரைக் கண்டு சீர்காழிமீது ஒரு பள்ளு பாடும்படி கேட்டார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பள்ளு முடிந்தது, பிறகு குடும்பமும் சீர்காழிக்கு வந்துவிட்டது. கேட்கப்பட்ட இலக்கிய வகையைப் பாருங்கள். புராணம் அன்று, அந்தாதியும் அன்று. பள்ளு என்பது நெல்வகைகளையும் மாட்டுவகைகளையும் பெயர் பெயராக அடுக்குவது. இரண்டு மனைவியர் வாய்ச்சண்டை போடுவது. பண்ணைக்காரனை ஏய்ப்பதும் ஏசுவதுமாகப் போவது. ஏட்டுக்கல்வி மட்டும் கொண்டு நல்ல பள்ளு எழுதிவிட முடியாது. வணிகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரை வழிமறித்து இதைக் கேட்ட நண்பருக்கு, யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

கவிராயர் எல்லாவற்றையும் ஒரே நடையில் எழுதவில்லை. சீர்காழித் தலபுராணமும் சீர்காழிக் கோவையும் மரபு கேட்கும் செந்தமிழில் அமைந்தவை. இராம நாடகக் கீர்த்தனையில் வேறொரு தமிழ் இருக்கிறது. கம்பனின் கதைப்போக்கைப் பின்பற்றினாலும் கம்பனின் சொல்லாட்சியை அவர் கடன் வாங்கவில்லை. விருத்தம் வரும்போது மொழி நிமிர்ந்து நிற்கும். தரு தொடங்கியவுடன் தெருவுக்கு இறங்கிவிடும். பாத்திரங்கள் பழமொழிகளை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசுகிறார்கள். மந்தரை கைகேயியின் மனத்தைத் திருப்பும் இடம் அரண்மனை உரையாடலாக இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கிறது. இராம நாடகத்தின் இந்தப் பழமொழிச் செல்வத்தைப் பாராட்டாத இலக்கிய வரலாறு இல்லை. அது எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்ட இலக்கிய வரலாறு அரிது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நாணயம் மாற்றியவர் நடையையும் மாற்றினார் என்று எழுதிவிடுவது எளிது. கேட்கவும் நன்றாக இருக்கும். உவமை சான்று ஆகாது. மேலும், இராம நாடகம் கடையில் எழுதப்பட்டதன்று. கடையை விட்டுச் சீர்காழியில் மடத்துச் சார்போடு வாழத் தொடங்கிய பிறகே அவருக்குப் பெருநூல் எழுதும் ஓய்வு கிடைத்தது. சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வெங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் இரு மாணவர்கள் அதைப் பாடிப் பரப்பினார்கள். திருவரங்கத்தில் அரங்கேற்றம் நடந்தது. சென்னையில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரும் தஞ்சையில் துளஜா மன்னரும் கவிராயரைச் சிறப்பித்தார்கள். ஆக, நேரத்தைத் தந்தது புரவலர் கை; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓய்வு யாருக்கும் கிடைக்கலாம். அந்த ஓய்வில் எழுதுவதற்கான பேச்சுத்தமிழ் மடத்து நூலகத்தில் கிடைத்திருக்காது. கடை அவருடைய வாழ்க்கையின் இடைவேளை அன்று, இரண்டாம் பள்ளிக்கூடம்.

இதே காலத்தில், இதே கடற்கரையில், இன்னொரு வணிகர் எழுதிக்கொண்டிருந்தார் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கவிராயருக்கு இரண்டு வயது மூத்தவரான ஆனந்தரங்கப் பிள்ளை சென்னைப் பெரம்பூரிலிருந்து புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தவர். 1736-இல் தொடங்கிக் கால் நூற்றாண்டு அவர் எழுதிய நாட்குறிப்பு, ஒரு வணிகன் பேசியபடி எழுதிய தமிழ். அது முதலில் பிரெஞ்சு ஆட்சியின் வரலாற்று ஆவணமாகத்தான் மதிக்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழை அறிய விரும்புவோர்க்கு அதைப்போன்ற சுரங்கம் வேறில்லை என்பது பின்னரே உணரப்பட்டது. வணிகர் எழுத்து முதலில் செய்தியாகவும் நெடுநாள் கழித்தே மொழியாகவும் பார்க்கப்படுவது அன்று தொட்டு வரும் வழக்கம்போலும்.

இனிக் கரமனை. நாகர்கோவிலிலிருந்து வரும் நெடுஞ்சாலை கரமனையாற்றைப் பாலத்தின்மீது கடந்து கிள்ளிப்பாலம் வழியாகத் திருவனந்தபுரத்துக்குள் நுழைகிறது. தெற்கிலிருந்து வந்த தமிழர் பலர் இந்த வழியாகத்தான் வந்தார்கள். திருவிதாங்கூரின் தலைநகரம் 1795-இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது அலுவலரும் வந்தார்கள், அர்ச்சகரும் வந்தார்கள், வணிகரும் வந்தார்கள். கரமனையில் அக்கிரகாரத் தெருக்கள் அமைந்தன. பாலத்தைத் தாண்டிக் கிள்ளிப்பாலத்துக்கும் கிழக்குக் கோட்டைக்கும் இடையே, திவான் ராஜா கேசவதாஸ் வளர்த்தெடுத்த சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் நிறைந்தார்கள். ‘சாலை’ என்றால் மற்ற தமிழர்க்குப் பாதை. திருவனந்தபுரத்துத் தமிழர்க்கு அது கடைத்தெரு. அந்த ஒரு சொல்லின் பொருள் மாற்றத்திலேயே இரு நூற்றாண்டு வாணிகம் இருக்கிறது.

அந்தப் பாலத்தைக் கடந்து வந்தவர்களுள் புகழ்பெற்றவர் நீலகண்ட சிவன். 1839-இல் நாகர்கோவில் வடிவீசுவரத்தில் பிறந்து, பத்மநாபபுரத்தில் வளர்ந்து, கரமனையில் வாழ்ந்து 1900-இல் மறைந்தவர். சிறுவயதில் தந்தையை இழந்து தாயோடு திருவனந்தபுரத்துக்கு வந்த இராமையா, பின்னாளில் பாபநாசம் சிவனாகப் பாட்டெழுதியபோது முன்னோடியாகக் கொண்டவர் இவரே. நீலகண்ட சிவனின் கீர்த்தனைகள் சென்னை மேடைகளில் இன்றும் பாடப்படுகின்றன. ஆனால் அவற்றைக் கேட்பவர் எவரும் கரமனையைக் கேட்பதில்லை. அது பக்தி மரபின் பொதுத்தமிழ். எங்கும் செல்லுபடியாகும், ஊர் முத்திரை இல்லாத நாணயம். குடிபெயர்வு மட்டுமே ஒருவர் மொழியில் ஊரின் தடத்தைப் பதித்துவிடாது என்பதற்கு அவர் நல்ல சான்று. அவர் நாடிய இடம் கோயில்; கடைத்தெருவின் பேச்சு அவருடைய பாட்டுக்குள் வரவேண்டிய தேவை இருக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்ல முடியாது. அதனால்தான் அவை அத்தனை எளிதாக எல்லை கடந்தன.

எல்லை என்றதும் ஒன்று. வடிவீசுவரத்திலிருந்து கரமனைக்கு வந்தபோது நீலகண்ட சிவன் எந்த எல்லையையும் கடக்கவில்லை. இரண்டும் ஒரே அரசில் இருந்தன. செங்கோட்டையும் அப்படியே. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, இருந்த இடத்திலேயே இருந்த திருவனந்தபுரத்துத் தமிழர்கள் வெளிமாநிலத் தமிழர் ஆனார்கள். ‘புலம்பெயர்ந்தோர்’ என்னும் தொடர் இன்றைய கல்விப்புலத்தில் பெரும்பாலும் ஈழத்தவரையே குறிக்கிறது. பட்டினப்பாலையிலோ அது புகாரில் பல நாட்டு வணிகர் கலந்து வாழும் சூழலில் வருகிறது. கால் பெயராமல் புலம் பெயர்ந்தவர்களுக்கு இன்னும் ஒரு சொல் கிடைக்கவில்லை.

செங்கோட்டையிலிருந்து வந்த ஆவுடைநாயகத்தின் மகன் ஆ. மாதவன் 1934-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். பள்ளிக்கல்வி மலையாளத்தில். தமிழைத் தாமே வாசித்துக் கற்றார். சாலையில் ‘செல்வி ஸ்டோர்ஸ்’ என்னும் கடையைப் பல்லாண்டுகள் நடத்தினார். அவர் பாட்டெழுதியவர் அல்லர், கதை எழுதியவர். ஆயினும் கவிராயரின் வாழ்க்கையை வாசித்துவிட்டு இவரிடம் வந்தால், கேள்வி அதுவே என்பது விளங்கும். ஒரு வேறுபாடு உண்டு. கவிராயரை மடம் கடையிலிருந்து மீட்டுக்கொண்டது. மாதவனை மீட்க மடம் ஏதும் வரவில்லை. அவரும் மீட்கப்பட விரும்பியவராகத் தெரியவில்லை. ‘கடைத்தெருக் கதைகள்’ என்றே தம் தொகுதிக்குப் பெயர் வைத்தார். சாளைப் பட்டாணியின் கடைசி நாள்களைச் சொல்லும் ‘எட்டாவது நாள்’ போன்ற படைப்பைக் கடைத்தெருவை வேடிக்கை பார்க்க வந்த ஒருவரால் எழுதியிருக்க முடியாது. சுமை தூக்குகிறவர்கள், போக்கிரிகள், உடலை விற்றுப் பிழைக்கும் பெண்கள், தெருநாய்கள் எல்லாம் அவர் கதைகளில் வருகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட ‘ஒடுக்கப்பட்டோரின் குறியீடு’ ஆக வரவில்லை. கடைக்கு முன்னால் நாள்தோறும் போய்வருகிறவர்களாக வருகிறார்கள். விலை பேசிப் பழகியவனின் பார்வை அது: இரக்கத்தால் எடை கூடுவதில்லை, வெறுப்பால் குறைவதும் இல்லை.

மொழியியல் நோக்கில் இந்தக் கதைகள் இன்னும் சரியாக வாசிக்கப்படவில்லை. மாதவனின் தமிழில் மலையாளம் கலந்திருக்கிறது என்பது வெகுநாளைய குற்றச்சாட்டு. அல்லது, பாராட்ட விரும்புகிறவர் கையில், ‘வட்டார வழக்கு’ என்னும் விருது. இரண்டும் பொருந்தா. ‘பதினாலு முறி’ என்று ஒரு கதைத்தலைப்பு. முறி என்றால் அறை. தமிழ்நாட்டு வாசகர்க்கு முறிதல் நினைவுக்கு வரும். ஆவணங்களைப் பயின்றவர்க்குப் பத்திரம் என்னும் பொருள் நினைவுக்கு வரும். சாலையில் வாழ்பவர்க்கு அது வாடகைக்குக் கிடைக்கும் அறை, வேறொன்றும் இல்லை. வட்டார வழக்கு என்பது ஒரு நிலப்பகுதியின் தமிழ் தன் போக்கில் கிளைத்து வளர்ந்தது. சாலையின் தமிழ் அப்படி வளர்ந்ததன்று. தமிழ் பேசும் கடைக்காரரும் மலையாளம் பேசும் வாடிக்கையாளரும் நாள்தோறும் ஒருவரையொருவர் புரியவைக்க வேண்டிய கட்டாயத்தில், விலையும் அளவும் கடனும் வசையும் இரு மொழிகளுக்கும் பொதுவாகிப்போன சந்தைத்தமிழ் அது. அதை வட்டார வழக்கு என்று நாஞ்சில் நாட்டுத் தமிழோடும் கரிசல் தமிழோடும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் அதன் தனித்தன்மை தெரியாமல் போகும். தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழைக் கொண்டு அளந்தால் பிழையாகத் தெரியும். இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதவனின் கதைசொல்லி பேசும் தமிழ் வாசித்துக் கற்ற தமிழ். பாத்திரங்கள் பேசுவது கேட்டுக் கற்ற தமிழ். கவிராயரிடம் விருத்தத்துக்கும் தருவுக்கும் இடையே உள்ள அதே இடைவெளி இங்கே உரைநடைக்கும் உரையாடலுக்கும் இடையே இருக்கிறது. இரண்டு நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு கடைக்காரர்கள் ஒரே தீர்வுக்கு வந்திருக்கிறார்கள் என்பது தற்செயல் என்று ஒதுக்கத்தக்கதன்று.

திருவனந்தபுரத்தில் அதே காலத்தில் வேறு பெரிய தமிழ் எழுத்தாளர்களும் இருந்தார்கள். நகுலன் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். நீல பத்மநாபன் மின்வாரியத்தில் பொறியாளர். ‘பேராசிரியராக இருந்தும் நகுலன் கவிதை எழுதினார்’ என்று எவரும் எழுதியதில்லை. ‘பொறியாளராக இருந்தும்’ என்பது எப்போதாவது வரும். ‘கடை நடத்திக்கொண்டே’ என்பதோ மாதவனைப் பற்றிய குறிப்புகளில் வியப்புக்குறியோடு வந்துகொண்டே இருக்கிறது. மாதச் சம்பளம் எழுத்துக்கு இயல்பான துணை, கல்லாப்பெட்டி இயல்பற்றது என்னும் எண்ணம் எப்போது வந்தது? அறுவை வாணிகனின் பெயரைத் தொகுத்தவருக்கு அந்த எண்ணம் இல்லை. அச்சும் கல்லூரியும் அரசுப்பணியும் வந்து, எழுதுகிறவர்களும் அவர்களைப் பற்றி எழுதுகிறவர்களும் ஒரே அலுவலக வகுப்பினராக ஆனபிறகு வந்ததாகவே கொள்ள வேண்டியிருக்கிறது. ஆராய்கிறவர் தம் வாழ்க்கையையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார். அதில் அடங்காதது வியப்பாகிறது.

இதற்கு மறுப்பாகச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. கடை வைத்தவரெல்லாம் எழுதிவிடவில்லை. சாலையில் எத்தனையோ கடைகள், மாதவன் ஒருவர்தான். ஆகவே கடையைக் காரணமாகச் சொல்வது பிழை என்பர். சரியான மறுப்பு. ஆனால் தமிழ்ப் பேராசிரியர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுள் கவிஞராகத் தேறுகிறவரைப் பற்றி எழுதும்போது அவருடைய தமிழ்க்கல்வியைக் காரணங்களுள் ஒன்றாகச் சொல்ல எவரும் தயங்குவதில்லை. கடைக்கும் அந்த அளவு இடம் போதும், அதற்குமேல் கேட்கவில்லை. வணிகம் எழுத்தைக் கெடுத்த வாழ்க்கைகளும் உண்டு. கடன் ஏறி, கடை மூடி, நோட்டுப் புத்தகங்கள் தொலைந்துபோன எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி அறிய வழியில்லாமல் போனதற்கும் இதே மனப்பாங்கு ஒரு காரணம்.

ஏனெனில் கடைத்தெருவின் ஏடுகளை எவரும் காப்பதில்லை. கடை கைமாறும்போது பேரேடும் நாள்வழிக் கணக்கும் எடைக்குப் போகின்றன. கொள்முதலுக்கு எழுதிய கடிதங்கள், சரக்குச் சீட்டுகள், வணிகர் சங்கத்துத் துண்டறிக்கைகள், கோயில் விழாவுக்குக் கடைக்காரர் அச்சிட்ட வாழ்த்துப்பாக்கள் யாவும் இலக்கியமாகவும் எண்ணப்படவில்லை, வரலாறாகவும் எண்ணப்படவில்லை. இருமொழிச் சூழலில் எழுதப்பட்ட தமிழுக்கு இவற்றினும் நல்ல சான்று வேறெங்கே கிடைக்கும்? தமிழ்த்துறைகளில் சாலையைப் பற்றி ஆய்வு என்றால் மாதவனின் நாவல்களில் ‘சமுதாயச் சிக்கல்கள்’ என்று ஒரு தலைப்புப் பதிவாகும். மொழியியல் துறைகளில் மலையாளத் தாக்கம் என்று ஒரு சொற்பட்டியல் தயாராகும். இரண்டும் கிள்ளிப்பாலத்திலிருந்து கிழக்குக் கோட்டை வரை ஒருமுறை நடந்து, கடைகளில் முதியவர்கள் விலை சொல்வதைக் காதால் கேட்டுவிட்டுத் தொடங்கியிருந்தால் வேறுவிதமாக அமைந்திருக்கும். அந்த முதியவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. பிள்ளைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பயின்று வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். பதிவு செய்ய இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதைக் கணக்கிட மொழியியல் பட்டம் தேவையில்லை.

மாதவனுக்கு உரிய மதிப்பு கிடைக்கவே இல்லை என்று சொல்வது பொய்யாகும். 2010-இல் முதலாவது விஷ்ணுபுரம் விருது அவருக்கே வழங்கப்பட்டது. அதையொட்டி வந்த நூலின் பெயர் ‘கடைத்தெருவின் கலைஞன்’. நெடுங்காலத்துக்குப் பிறகு ஒரு தமிழ் எழுத்தாளரின் பெயரோடு தொழிலிடம் அடைமொழியாகச் சேர்ந்தது அங்கேதான். 2015-இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. அவருக்கு அப்போது எண்பது வயது கடந்திருந்தது. ‘கிருஷ்ணப் பருந்து’, ‘புனலும் மணலும்’, சாலையின் கதைகள் எல்லாம் வெளிவந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. விருது அவற்றுள் எதற்கும் இல்லை; ‘இலக்கியச் சுவடுகள்’ என்னும் கட்டுரைத் தொகுதிக்கு.